பசித்த வயிறும் பள்ளிக்கூடமும்: ஒரு நூற்றாண்டு வரலாறு



ஏழைக்கு உணவளிப்பதை நம் மார்க்கம் வணக்கத்தோடு சேர்த்தே பேசுகிறது. அல்-மாவூன் அத்தியாயம் ஏழைக்கு உணவளிக்காதவரை மட்டும் கண்டிக்கவில்லை. உணவளிக்குமாறு பிறரைத் தூண்டாதவரையும் கண்டிக்கிறது. நம் மாநிலத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவும் மருத்துவமும் கிடைத்த வரலாற்றை நோக்கினால், அந்தத் தூண்டுதலின் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்குவது என்பதே அத்தீர்மானம். அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமையே அவரது கவலை. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால், தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடுவதை ஆங்கில அரசு ஏற்கவில்லை. 1925இல் திட்டம் நின்றது. பின்னர் 1927இல் மீண்டும் தொடங்கப்பட்டது. நல்ல காரியம் தொடங்கினால் மட்டும் போதாது, அதை நிலைநிறுத்தக் குரல் கொடுப்போரும் வேண்டும் என்பது இந்நிகழ்வு தரும் முதற்பாடம்.

1956இல் முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவருக்குத் துணை நின்றார். அரசுப் பணத்தை மட்டுமே நம்பி இத்திட்டம் நடைபெறவில்லை. ஊர் மக்கள் தந்த அரிசியும் பருப்பும் விறகும் காய்கறியும் அடுப்பை எரிய வைத்தன. ஊரார் பங்களிப்பில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் நமக்கு இம்முறை புதிதன்று.

1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். இத்திட்டத்தைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். முதலில் கிராமப்புறங்களிலும், அவ்வாண்டு செப்டம்பர் முதல் நகர்ப்புறங்களிலும் அது நடைமுறைக்கு வந்தது. 1989இல் முதலமைச்சர் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 2010இல் அது வாரம் ஐந்து முட்டையாக உயர்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று, நாடெங்கும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு நகரின் ஒரு பள்ளியில் ஏற்றப்பட்ட அடுப்பு, எண்பது ஆண்டுகளில் நாட்டின் கடமையாயிற்று.

காலை உணவோ 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும் வந்தது. ஃபஜ்ருக்குப் பின் மக்தப் மதரஸாவில் ஓதிவிட்டு, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளுக்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

உணவுடன் மருத்துவமும் பள்ளியைத் தேடி வந்தது. 2009இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பார்வைக் குறையுள்ள மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கியது. 2013இல் தேசிய சிறார் நலத் திட்டம் வந்தது. அதன் நடமாடும் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கே வந்து, பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகின்றனர். குடற்புழு நீக்க மாத்திரையும் பள்ளியிலேயே தரப்படுகிறது. கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தபுத்தி என்று ஏசுவதும், இரத்தசோகையால் சோர்ந்த பிள்ளையைச் சோம்பேறி என்பதும் அநீதியல்லவா?

ஆயினும், வாசலுக்கு வந்த உதவி நம் தயக்கத்தால் திரும்பிச் செல்வதும் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, சமூக ஊடகங்களில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சினர். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா கண்டால் பிறக்கும் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படலாம். வதந்தியை நம்பி ஒதுங்குவோர் தம் பிள்ளையை மட்டுமன்றி, இன்னும் பிறவாத குழந்தையையும் ஆபத்தில் விடுகின்றனர். பள்ளி உணவை உண்பது கௌரவக் குறைவு என்ற எண்ணமும் நம்மிடையே சிலரிடம் உள்ளது. அது பிச்சையன்று; போராடிப் பெற்ற உரிமை.

எனவே, நம் மஹல்லாவின் பெற்றோர்கள் மருத்துவ முகாம் நாளில் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மேல்சிகிச்சைச் சீட்டு கிடைத்தால் அதை வீட்டில் மடித்து வைக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். போக்குவரத்துச் செலவுக்கு இயலாதோருக்கு வசதியுள்ளோர் கைகொடுக்க வேண்டும். தடுப்பூசி பற்றி ஐயமிருப்பின் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஜும்ஆவுக்குப் பின் செய்யும் ஓர் அறிவிப்பு பல வீடுகளின் அச்சத்தை அகற்றிவிடும்.

ஓரணாவில் தொடங்கிய இந்த நற்பணியின் பலன், நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சேர்வது நம் அனைவரின் பொறுப்பு. அப்பொறுப்பை நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.