ஹெட்போனா, ஸ்பீக்கரா? பாட்டைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்

வீட்டில் பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்கலாமா, ஸ்பீக்கர் வாங்கலாமா என்று யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அவர்கள் அதிகம் கேட்பது எந்தக் காலத்துப் பாட்டு என்பதைத்தான். விலை, பிராண்ட், ப்ளூடூத்தா வயரா என்பதெல்லாம் பிறகு. பாட்டு எப்படிப் பதிவானது, எதில் ஒலிக்கப்போகிறது என்று எண்ணிப் பதிவு செய்தார்கள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஐம்பது, அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களை எடுத்துக்கொள்வோம். பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒன்றாக இருந்து பாடி வாசித்தார்கள். மைக்குக்கு யார் பக்கத்தில் நிற்பது, யார் தள்ளி நிற்பது என்று தீர்மானிப்பதே அன்றைய மிக்ஸிங்கில் பெரும்பகுதி. எல்லா ஒலியும் கலந்து மோனோவாக ஒரே தடத்தில் சேர்ந்தது. அது போய்ச் சேர்ந்த இடங்கள் தியேட்டரில் திரைக்குப் பின்னால் நின்ற ஸ்பீக்கர், இசைத்தட்டு, இலங்கை வானொலியை வாங்கித் தந்த வால்வு ரேடியோ. இவை எல்லாமே கேட்பவருக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி இருந்து ஒலித்தவை.

அந்தப் பாட்டை ஹெட்போனில் போட்டால் இரண்டு காதுக்கும் அச்சு மாறாமல் ஒரே ஒலி, ஒரே கணத்தில் போகிறது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடிப்பது, இரண்டு காதுக்கும் வந்து சேர்வதில் உள்ள சின்ன வித்தியாசங்களை வைத்துத்தான். வித்தியாசமே இல்லாதபோது ஒலியை நடுமண்டைக்குள் வைத்துவிடுகிறது. டி.எம். சௌந்தரராஜனின் குரல், வயலின் கூட்டம், தபேலா எல்லாம் தலைக்குள் ஒரே புள்ளியில் நெரிகின்றன. பழைய பதிவின் இரைச்சலும் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. அரை மணி நேரத்தில் களைப்பு தட்டிவிடும்.

அதே பாட்டை ஒரு நல்ல ஸ்பீக்கரில் போட்டால் குரல் எதிரே நிற்கிறது. அறையின் சுவர்கள் கொஞ்சம் எதிரொலி சேர்த்து, அதற்கு ஓர் இடம் தருகின்றன. மோனோ பதிவுக்கு இரண்டு ஸ்பீக்கரை விட ஒன்றே மேல் என்பது என் கட்சி. இரண்டு வைத்தால், ஒவ்வொரு காதுக்கும் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முதலிலும், எதிர்ப்பக்க ஸ்பீக்கரின் ஒலி மில்லி நொடியில் கால் பங்கு தாமதித்தும் வரும். இரண்டும் கலக்கும்போது 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி சற்று அடிபடுகிறது. குரலின் தெளிவுக்கு மிகவும் வேண்டிய பகுதி அது. அகில இந்திய வானொலியின் பழைய கச்சேரிப் பதிவுகளுக்கும் இதே கணக்குத்தான். செம்மங்குடியையும் மதுரை மணி ஐயரையும் கேட்கவே பாட்டுப்பெட்டி வாங்குகிறவருக்கு ஹெட்போன் தேவையே இல்லை.

ஸ்டீரியோவிலும் ஸ்பீக்கருக்குத்தான் மூத்த உரிமை. ஆலன் ப்ளம்லைன் 1931-ல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறை, எதிரே வைத்த இரண்டு ஸ்பீக்கரை மனத்தில் வைத்தே உருவானது. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகும், தலை மறைப்பதால் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் தாமதித்து. ஹெட்போன் இந்தக் கலப்பை அடியோடு வெட்டிவிடுகிறது. பீட்டில்ஸ் குழுவின் 1963 முதல் ஆல்பத்தின் ஸ்டீரியோ வடிவத்தில் வாத்தியங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், குரல்கள் மறுபக்கம். ஸ்பீக்கரில் இது மேடை போலத் தோன்றும். ஹெட்போனிலோ, ஒரு காதில் பாட்டு, மறுகாதில் கிதார் என்று பிய்ந்து நிற்கும். இதைச் சரிசெய்ய ஒரு பக்க ஒலியைக் கொஞ்சம் தேய்த்து, தாமதித்து மறுபக்கம் கசியவிடும் சுற்றமைப்பை பெஞ்சமின் பாவர் 1961-லேயே எழுதிவைத்தார். கிராஸ்ஃபீட் என்ற பெயரில் இன்று சில இசைச் செயலிகளில் அது இருக்கிறது. எழுபதுகளுக்கு முந்தைய ஸ்டீரியோவை ஹெட்போனில் கேட்பவர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஸ்பீக்கர் பக்கம் பேசுகின்றன. ஆனால் ஸ்பீக்கர் தனியாக வருவதில்லை, உங்கள் அறையோடு சேர்ந்துதான் ஒலிக்கிறது. நம் வீட்டு அறைகள் அதற்குப் பெரிய எதிரி. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிதார் தனிப் பாட்டாகவே ஓடும் இடங்கள் நிறைய. அந்தக் கிதாரின் ‘ஏ’ தந்தியை வெறுமனே மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒலி அலை நின்று ஆடத் தொடங்கும். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு சுரம் வரும்போது சுவரை ஒட்டிச் சாய்ந்திருப்பவருக்கு அது ‘தொம்’மென்று வீங்கிக் கேட்கும். அந்த இரண்டு சுவருக்கும் சரிநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அதே சுரம் கரைந்துபோகும். இசையமைப்பாளர் ஒரே அழுத்தத்தில் வாசிக்க வைத்த வரிசை, நம் காதில் மேடும் பள்ளமுமாக விழுகிறது. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உச்ச ஒலிகளைத் திருப்பியடிப்பதைத் துணித் திரை, மெத்தை, புத்தக அலமாரி கொண்டு ஓரளவு அடக்கலாம். பேஸுக்கு அவை போதா. ஸ்பீக்கரை நகர்த்தியும் உட்காரும் இடத்தை மாற்றியும்தான் சமாளிக்க வேண்டும்.

ஹெட்போனுக்கு இந்த வம்பே கிடையாது. 55 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுக்க ஸ்பீக்கருக்குப் பெரிய கூம்பும் பெட்டியும் வேண்டும். ஹெட்போனில் காதை மூடிய சின்னக் காற்றறையை அசைத்தால் போதும் என்பதால் 40 மில்லிமீட்டர் தகடே அதைச் செய்துவிடும். ஒரே விலையில் ஹெட்போன் தரும் துல்லியத்தை ஸ்பீக்கர் நெருங்கவே முடியாது. ‘ரோஜா’வுக்குப் பிறகு வந்த, அடுக்கடுக்காக ஒலிகளைச் சேர்த்துக் கட்டிய பாடல்களில் பின்னால் ஒளிந்திருக்கும் கோரஸையும், குரலுக்கு முன் இழுக்கும் மூச்சையும் இதில்தான் பிரித்துக் கேட்கலாம். தவில் மட்டும் விதிவிலக்கு. அந்த அடியை நெஞ்சு வாங்க வேண்டும், காது மட்டும் வாங்கினால் பாதிதான் வந்து சேர்கிறது.

ஹெட்போன் எப்படி ஒலித்தால் மக்களுக்குப் பிடிக்கிறது என்று ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் சகாக்களும் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரின் ஒலிச் சமநிலையை ஒத்திருந்த ஹெட்போனையே கேட்டவர்கள் விரும்பினார்கள். இன்று தயாராகும் பல ஹெட்போன்கள் அந்த அளவை ஒட்டியே வருகின்றன. ஆக, நம்மில் பலருக்குக் கிடைக்காத அந்த நல்ல அறையைத்தான் ஹெட்போன் தர முயல்கிறது.

காதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். ஸ்பீக்கரை இரைந்து வைத்தால் அடுத்த அறையிலிருந்து யாராவது கத்துவார்கள். ஹெட்போனில் குறைக்கச் சொல்ல ஆளில்லை. மின்விசிறியும் தெருச் சத்தமும் மீறிக் கேட்க நாமாகவே ஏற்றிக்கொண்டு போகிறோம். சத்தமுள்ள வீட்டில் காதை முழுதாக மூடும் வகை நல்லது. காற்றோட்டமாகத் திறந்த வகை இயல்பாக ஒலிக்கும், ஆனால் அது அமைதியான இரவுக்கு.

வீட்டில் நாலு பேர் சேர்ந்து கேட்பதாக இருந்தால் வாதமே வேண்டாம், ஸ்பீக்கர்தான். தனியாக, இரவில், தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பாடல்களைக் கேட்பவர் கையிலிருக்கும் பணம் முழுவதையும் ஹெட்போனில் போடலாம். பழைய பாட்டுக்காரர் ஒற்றை ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ரிச்சி தெருக் கடையில் கேட்டதை வைத்து ஸ்பீக்கரை மட்டும் முடிவு செய்யாதீர்கள், அது கடையின் அறை. திருப்பித் தர அனுமதிக்கும் இடத்தில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மூலையில் திணிக்காமல் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, நன்றாகத் தெரிந்த ஒரு பேஸ் கிதார் பாட்டைப் போட்டு, நாற்காலியை அடி அடியாக நகர்த்திக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஓரளவு சமமாக விழும் இடம் பெரும்பாலான அறைகளில் ஒன்றாவது அகப்படும்.