ஒலிநாடாவில் வளர்ந்த ரசிகர் கூட்டம்

1964ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் காரில் கிழக்கே புறப்பட்டார்கள். ஒருவர் 21 வயது ஜெர்ரி கார்சியா. மற்றவர் அவருடைய நண்பர் சாண்டி ராத்மன். இருவருக்கும் ப்ளூகிராஸ் பித்து. பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின் என்று கம்பி வாத்தியங்களை மட்டுமே நம்பி, அமெரிக்காவின் தென்பகுதி மலைநாட்டுப் பாடல் மரபிலிருந்து எழுந்த அந்த இசையை அது பிறந்து வளர்ந்த ஊர்களுக்கே போய்க் கேட்க வேண்டும், கேட்டதைக் கையிலிருக்கும் டேப் ரெக்கார்டரில் பிடித்துவர வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம். ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ கச்சேரி நடத்தும் பீன் ப்ளாசம் என்ற இண்டியானா சிற்றூர் வரைக்கும் போனார்கள். மன்றோவின் குழுவில் பாஞ்சோ வாசிக்க வேண்டும் என்பது கார்சியாவின் கனவு. வாய்விட்டுக் கேட்கத் துணிவு வராமலே ஊர் திரும்பினார்.

ப்ளூகிராஸ் ரசிகர்களிடம் இப்படிப் பதிந்துகொள்ளும் வழக்கம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவிலான ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள் 1950களில் கடைக்கு வந்ததும், கச்சேரிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தோன்றிவிட்டார்கள். காரணம் எளிது. அன்றைய இசைத்தட்டில் ஒரு பாட்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்கியாக வேண்டும். மேடையில் அதே பாட்டை வித்வான் எப்படி நீட்டினார், எந்த இடத்தில் புதிதாக ஒரு பிடி போட்டார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த சொத்து. அதைப் பதிந்தவர் இன்னொருவருக்குப் படியெடுத்துக் கொடுப்பார்; பதிலுக்கு அவரிடமிருந்து வேறொரு கச்சேரியின் படி வரும். பிற்காலத்தில் ராக் ரசிகர்கள் பல்லாயிரம் பேர் கைக்கொண்ட வழக்கத்தின் ஆணிவேர் இதுதான். அந்த ரசிகர்கள் கொண்டாடிய குழுவின் முதல்வரான கார்சியாவே ஒரு காலத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றவர் என்பதை மறந்தால், பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

கார்சியா, பாப் வேயர், 'பிக்பென்' என்றழைக்கப்பட்ட ரான் மெக்கெர்னன் ஆகியோர் 1964இல் பாலோ ஆல்டோ நகரில் ஒரு ஜக் பேண்ட் நடத்திவந்தார்கள். ஜாடியையும் சலவைப் பலகையையும்கூட வாத்தியமாக்கும் பழைய தெருக்கூட்ட இசை அது. மறுவருடம் அதுவே மின்கிதாருக்கு மாறியது. டிரம்ஸுக்கு பில் க்ரூட்ஸ்மனும் பேஸ் கிதாருக்கு ஃபில் லெஷும் சேர்ந்தார்கள். முதலில் 'வார்லாக்ஸ்' என்று பெயர். 1965 முடிவதற்குள் 'கிரேட்ஃபுல் டெட்' ஆனது.

நாட்டுப்புறப் பாட்டு, ப்ளூஸ், கண்ட்ரி, ப்ளூகிராஸ் என்ற பழைய வேர்களிலிருந்து எழும் ராக் இசைக்குப் பின்னாளில் ரூட்ஸ் ராக் என்ற பெயர் நிலைத்தது. 1970இல் ஒரே ஆண்டில் கிரேட்ஃபுல் டெட் வெளியிட்ட 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் ப்யூட்டி' ஆகிய இரு ஆல்பங்களும் அந்த வகைக்கு முன்மாதிரிகள். ராபர்ட் ஹண்டர் எழுதிய வரிகளில் சுரங்கத் தொழிலாளிகளும் ரயில் ஓட்டுநர்களும் சூதாடிகளும் வருகிறார்கள். மேடையில் மெர்ல் ஹேகர்டின் கண்ட்ரி பாட்டும், பட்டி ஹாலியின் ராக் பாட்டும், எழுதியவர் யாரென்றே தெரியாத பழம்பாடல்களும் அருகருகே ஒலித்தன. 1967இல் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராகச் சேர்ந்த மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் பயின்றவர். ஹார்ட் 1991இல் வெளியிட்ட 'ப்ளானெட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலிக்கிறது. உலக இசைக்கென்று கிராமி விருது ஏற்படுத்தப்பட்டதும் அதை முதலில் பெற்ற ஆல்பம் அது.

இந்தக் குழுவுக்கு நிரல் எழுதிவைத்து அதை இரவுதோறும் ஒப்பிக்கும் பழக்கம் கிடையாது. 1965 முதல் 1995 வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968இல் சிங்கிள் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மறுவருடம் 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடியது. நேற்று வாசித்ததை இன்று வாசிக்க மாட்டார்கள், இன்று வாசித்தது நாளை வராது. ஆகவே ஒரு கச்சேரிக்குப் போனவர் அடுத்ததற்கும் போக வேண்டியிருந்தது. போக முடியாதவருக்கு அதன் ஒலிநாடா வேண்டியிருந்தது. தொடர்ந்து நான்கு இரவுகள் கேட்டவரும் நான்கு வேறு வேறு கச்சேரிகளையே கேட்டார்.

குழுவின் ஒலி நிபுணர் ஆஸ்லி ஸ்டான்லி 1966 முதலே கச்சேரிகளைப் பதிந்துவந்தார். அன்றைய ஒலியமைப்பில் எது சரி, எது பிசகு என்று பிறகு கேட்டுத் திருத்திக்கொள்வதற்காக அவர் வைத்திருந்த நாட்குறிப்பு அது. கூட்டத்துக்குள்ளிருந்து ரசிகர்களும் பதியத் தொடங்கினார்கள். 1970, 71 வாக்கில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் கோட்டுக்குள்ளும் தோள்பையிலும் ஒளித்துக்கொண்டு வந்த கருவிகள் இருக்கைகளுக்கிடையே சுழன்றுகொண்டிருந்தன. திருட்டு இசைத்தட்டு அச்சடித்து விற்பவர்கள் பெருகிய காலம் என்பதால் குழுவின் ஆட்களுக்கு ஒலிவாங்கியைக் கண்டாலே சந்தேகம். வயரை வெட்டிவிட்டுப் போனதும் உண்டு. கார்சியாவின் எண்ணம் வேறாக இருந்தது. வாசித்து முடித்தபின் அந்த இசை கேட்பவர்களுக்கு உரியது, அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்ற கருத்தை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். விற்கக்கூடாது என்ற ஒற்றை நிபந்தனையோடு, எழுதாத சட்டமாக அது மெல்ல நிலைத்தது.

1971இல் வந்த ஆல்பத்தின் உள்ளுறையில் குழு ஒரு சிறு அறிவிப்பை அச்சிட்டது. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், செய்தி தெரிவிக்கிறோம் என்பது அதன் சாரம். கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் ஒரு தபால் பெட்டி எண் கொடுக்கப்பட்டது. கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியவர்களுக்குக் குழுவின் செய்திமடல் தபாலில் போனது: அடுத்த கச்சேரி எங்கே, புதுப் பாட்டு என்ன, ஒலிபெருக்கி ஏற்பாட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதுவரை. பணக்கணக்கை ரசிகர்களிடம் இவ்வளவு திறந்து பேசிய ராக் குழு அந்தக் காலத்தில் அபூர்வம். 'டெட்ஹெட்' என்ற பெயர் ரசிகர்களுக்கு நிலைத்ததும் இந்தக் கடிதத் தொடர்பின் வழியாகத்தான்.

அதே ஆண்டில் புரூக்ளினைச் சேர்ந்த லெஸ் கிப்பல் இலவச ஒலிநாடாப் பரிமாற்றம் ஒன்றைத் தொடங்கினார். யாரிடம் எந்தத் தேதிக் கச்சேரி இருக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்று ஆளையும் நாடாவையும் இணைத்துவிடுவது வேலை. அது வளர்ந்து 1974இல் 'டெட் ரெலிக்ஸ்' என்ற இதழாயிற்று. பதிவு செய்வோருக்கான குறிப்புகளும், பரிமாற்ற விளம்பரங்களும், கச்சேரி விமர்சனங்களுமாக வந்த அந்த இதழ் பின்னர் 'ரெலிக்ஸ்' என்று பெயர் சுருங்கி, பொதுவான ராக் பத்திரிகையாக இன்றும் நடக்கிறது. இதழ் பிறந்த சமயம் முக்கியம். 1974 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டுக் குழு நீண்ட ஓய்வில் போனது. 1975 முழுவதிலும் நான்கே முறை மேடையேறியது. அறுநூறு ஒலிபெருக்கிகளைச் சுவர்போல அடுக்கிய பிரம்மாண்ட ஏற்பாட்டை ஊர் ஊராகச் சுமந்து போனதில் ஆளும் பணமும் களைத்திருந்தன. கச்சேரி இல்லாத அந்த நாட்களில் பழைய நாடாக்கள் முன்னைவிட வேகமாகக் கைமாறின.

1976இல் குழு திரும்பி வந்தபோது கேசட் காலம் வந்துவிட்டிருந்தது. 1980களில் 'டேப்பர்' எனப்பட்ட, கச்சேரி பதியும் ரசிகரின் கையில் அனேகமாக சோனி டிசி-டி5எம் என்ற சிறிய பதிவுக் கருவி இருக்கும். டார்ச் விளக்குக்குப் போடும் பெரிய பேட்டரி இரண்டில் ஓடும். ஆளுயரத்துக்கு மேல் கம்பத்தை உயர்த்தி, உச்சியில் இரண்டு மைக்குகளைக் கோணம் பார்த்துப் பொருத்துவார். சுற்றி நிற்பவர்கள் பேசினாலும் கைதட்டினாலும் நாடாவில் விழும் என்பதற்காகத்தான் அந்த உயரம். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தம் கிடைக்கும் கச்சேரியின் முதல் பகுதியில் கவலையில்லை. இரண்டாம் பகுதியில்தான் சோதனை. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நிறுத்தாமல் நழுவிக்கொண்டே போவார்கள். எங்கே திருப்பிப் போடுவது? நடுவில் டிரம்ஸ் கலைஞர்கள் இருவரும் தனி ஆவர்த்தனம் போல வாசிக்கும் நேரம் வரும். அப்போது கேசட்டைத் திருப்பினால் பாட்டு எதுவும் துண்டுபடாது. அதற்கு முன்பே நாடா தீர்ந்துபோனால் அந்தச் சில வினாடிகள் போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் உள்ளட்டையில் தேதி, ஊர், அரங்கு, பாட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதுவார். நிறுத்தாமல் அடுத்த பாட்டுக்குப் போன இடத்தில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி டெட்ஹெட்களிடையே ஒரு மொழி. இரண்டு பாட்டுப் பெயர்களுக்கு நடுவே அதைக் கண்டால் படிப்பவருக்கு ஆவல் மூளும். பிறகு படியெடுக்கும் வேலை. இரண்டு டெக்குகளை இணைத்து, மூன்று மணிநேரக் கச்சேரியை மூன்று மணிநேரமும் ஓடவிட்டுத்தான் நல்ல படி எடுக்க முடியும். ஒவ்வொரு படிக்கும் இரைச்சல் கொஞ்சம் ஏறும். அதனால் மூல நாடாவிலிருந்து எத்தனையாவது தலைமுறை என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். பரிமாறிக்கொள்ள எதுவும் இல்லாத புதியவர், வெற்றுக் கேசட்டையும் திருப்பி அனுப்பத் தபால்தலையையும் வைத்து அனுப்பினால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் தன் இரவைச் செலவழித்துப் பதிந்து அனுப்பிவைப்பார். கல்லூரி விடுதிகளில் இந்தக் கூட்டம் தலைமுறை தாண்டி வளர்ந்ததற்கு வேறு விளம்பரம் எதுவும் தேவைப்படவில்லை.

மைக் கம்பங்கள் பெருகப் பெருக ஒரு தொல்லையும் வளர்ந்தது. அரங்கில் ஒலி மிகச் சீராகக் கேட்கும் இடம் ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்கு முன்புறம்தான். டேப்பர்கள் அங்கே மொய்த்ததில் மேசையில் இருந்த குழுவின் ஒலிப்பொறியாளர் டான் ஹீலிக்கு மேடையே மறைந்தது. வேறெந்தக் குழுவாக இருந்தாலும் தடை போட்டிருக்கும். இவர்கள் 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில், மேசைக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றார்கள். பதினைந்து ஆண்டுகளாக எழுதாத சட்டமாக நடந்துவந்த வழக்கம் அன்று வெளிப்படையாக அங்கீகாரம் பெற்றது.

டிக்கெட்டையும் இடைத்தரகர் இல்லாமல் குழுவே நேரடியாகத் தபாலில் விற்கும் ஏற்பாடு 1983இல் வந்திருந்தது. குறித்த அளவு அட்டையில் விவரம் எழுதி, மணியார்டரோடு அனுப்ப வேண்டும். விண்ணப்பம் கண்ணில் படட்டும் என்று ரசிகர்கள் உறைமேல் ரோஜாவும் மண்டையோடும் நடனமாடும் எலும்புக்கூடும் வண்ணத்தில் வரைந்து அனுப்பினார்கள். கச்சேரித் தேதிகளைத் தொலைபேசியில் பதிவுக்குரலாகக் கேட்டுக்கொள்ளவும் எண் இருந்தது. பிளேயர் ஜாக்சனும் ரீகன் மெக்மஹனும் 1984 முதல் 1993 வரை நடத்திய 'கோல்டன் ரோட்' இதழ் ஆழமான பேட்டிகளால் பெயர் பெற்றது. 1987இல் வெளியான 'டெட்பேஸ்' நூல் எந்தத் தேதியில் எங்கே என்ன பாடினார்கள் என்று அட்டவணை போட்டது. அதிலிருந்த தகவலில் பெரும்பகுதி ரசிகர்கள் கேசட் அட்டையில் எழுதிவைத்தவற்றிலிருந்து வந்ததே.

அதே 1987இல் 'டச் ஆஃப் கிரே' பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தது. கூட்டம் விளையாட்டு மைதானங்களை நிறைத்தது. டிக்கெட் இல்லாமலே வாகன நிறுத்தத்தில் வந்து குவிந்தவர்களால் நெரிசலும் கெடுபிடியும் வளர்ந்தன. 1995 ஜூலை 9இல் சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் நடந்ததே கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறந்தார். குழு அந்தப் பெயரில் மறுபடி வாசிக்கவில்லை.

பதிவுகளின் கதை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஹவாயில் இருந்துகொண்டு நாடா சேகரித்துவந்த டிக் லட்வாலா என்ற ரசிகரையே 1985இல் குழு தன் ஒலிக்காப்பகத்துக்குப் பொறுப்பாளராக்கியிருந்தது. அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள் 1993 முதல் 'டிக்ஸ் பிக்ஸ்' என்ற வரிசையில் வந்தன. 1999இல் அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து 36 தொகுதிகளாயின. 2005 நவம்பரில், கச்சேரிப் பதிவுகள் இலவசமாகக் கிடைத்துவந்த 'இணையக் காப்பகம்' என்ற தளத்திலிருந்து அவற்றை யாரும் இறக்கிக்கொள்ள முடியாதபடி குழுவின் தரப்பு செய்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே, கூட்டத்திலிருந்து ரசிகர்கள் பதிந்தவை மறுபடி கிடைத்தன; மேசையிலிருந்து எடுத்தவற்றை அங்கேயே கேட்க மட்டும் அனுமதி.

எல்லாவற்றிலும் புகழ்பெற்ற நாடா 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் பதிவானது. பதிந்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். வாடகை கட்ட முடியாமல் அவருடைய சேமிப்பறை 1986இல் ஏலத்துக்குப் போனது. வாங்கியவர்களிடமிருந்து நாடாக்கள் ரசிகர் கைக்கு வந்து, 'பெட்டி போர்ட்ஸ்' என்ற பெயரில் நாடெங்கும் பரவின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012இல் கார்னெல் கச்சேரியைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. அப்போதும் அது கடையில் கிடைக்காத பதிவுதான். மூல ஸ்பூல்கள் குழுவின் காப்பகத்துக்குத் திரும்பியபின், நாற்பதாண்டு நிறைவான 2017 மே மாதத்தில் முறைப்படி வெளியானது.