வீட்டில் நிற்கும் மரத்தின் அடிக்கட்டை: தோண்டுவதா, விடுவதா, மக்க வைப்பதா?

மரத்தை வெட்டியதும் விறகும் பலகையும் வண்டியேறிப் போய்விடும். தூர் மட்டும் அங்கேயே நிற்கும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். சிலர் அன்றைக்கே ஜேசிபி கூப்பிட்டுப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் பெரிய நஷ்டம்.

தென்னந்தோப்பு ஓரத்தில் தென்னங்கட்டையை அழுக விட்டால், நன்றாகக் காய்க்கும் பக்கத்து மரங்களின் குருத்து போகும். சுவர் ஓரத்து வேப்பங்கட்டையை இயந்திரத்தால் இழுத்தால் அஸ்திவாரம் ஆட்டம் காணும். எனவே கூலியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

முடிவுக்கு முன் மூன்று கேள்விகள்

1. அது என்ன மரம்? தென்னை, பனை, பாக்கு ஆகியவற்றுக்கு உச்சியில் ஒரே குருத்துதான். வெட்டினால் மறுபடி துளிர்க்காது, அழுகத் தொடங்கும். வேம்பு, புங்கன், புளி, பூவரசு, வாகை, தேக்கு, முருங்கை, சவுண்டல் போன்றவை வெட்டிய பிறகும் துளிர்க்கும். சவுக்கு பெரும்பாலும் துளிர்க்காது.

2. மரம் ஏன் போனது? காற்றில் சாய்ந்ததா, வயதாகிக் காய்ப்பு குறைந்ததா, நோய் வந்து பட்டதா? நோயால் பட்ட மரத்தின் தூரிலும் வேரிலும் அந்த நோய் தங்கியிருக்கலாம்.

3. பக்கத்தில் என்ன இருக்கிறது? வீட்டுச் சுவர், கிணறு, கழிவறைத் தொட்டி, குடிநீர்க் குழாய், பூமிக்கடியில் போகும் மின்கம்பி, மாட்டுத் தொழுவம், காய்க்கும் தென்னை என 10 அடி சுற்றளவில் இருப்பதை எல்லாம் பாருங்கள்.

தென்னை, பனைத் தூரை அழுக விடாதீர்கள்

காண்டாமிருக வண்டு அழுகும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும் முட்டையிடும். புழுக்கள் அங்கேயே மக்கிய கட்டையைத் தின்று வளரும். முட்டை வண்டாக மாற ஏறக்குறைய 4 முதல் 7 மாதம் ஆகும். பிறகு அந்த வண்டுகள் உயிருள்ள தென்னைக்குப் பறந்து போய், விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். ஓலை விரியும்போது விசிறி போல வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது இந்த வண்டின் வேலை. இளங்கன்றில் குருத்தே போய்விடும். வண்டு போட்ட ஓட்டை வழியாகச் சிவப்புக் கூன்வண்டும் நுழையும். கூன்வண்டு தாக்கிய மரம் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காப்பாற்றும் நிலையைத் தாண்டியிருக்கும்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அப்படிப்பட்ட புயலுக்குப் பிறகு விழுந்த தண்டையும் தூரையும் அகற்றாமல் விட்டால், தப்பிய மரங்களுக்கும் புதிதாக நட்ட கன்றுகளுக்கும் வண்டு வந்து சேரும். ஒரு வீட்டில் கிடக்கும் ஒற்றைக் கட்டைக்கும் இதே கணக்குதான். வண்டுக்கு வேலி கிடையாது. உங்கள் கட்டையில் பிறந்த வண்டு அடுத்தவர் தோப்புக்கும் போகும்.

தென்னைக்கு ஆணிவேர் இல்லை, சல்லிவேர்தான். தூரைச் சுற்றி 3 அடி விட்டு, 2 முதல் 3 அடி ஆழத்துக்குத் தோண்டி வேர்களைக் கோடாரியால் வெட்டிவிட்டால் தூர் கழன்று வரும். திறந்த வெளியில் நிற்கும் மரமாக இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. மரத்தை இடையில் அறுக்காமல், தூரைச் சுற்றித் தோண்டி ஒரு பக்க வேர்களை வெட்டி, மறுபக்கம் கயிறு கட்டிச் சாய்க்கச் சொல்லுங்கள். தண்டின் கனமே தூரைப் பெயர்த்துக் கொண்டு வரும். மரம் வெட்டப் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிட்டால் பின்னால் தனிக்கூலி மிச்சம். வீடும் மின்கம்பியும் பக்கத்தில் இருந்தால் இந்த முறை வேண்டாம்.

தோண்டிய தூரை அப்படியே ஓரத்தில் உருட்டி வைத்தால் வேலை பாதிதான் முடிந்தது. கோடாரியால் பிளந்து, வெயிலில் காயவைத்து விறகாக்கிவிடுங்கள். காய்ந்த கட்டையில் வண்டு வளராது. ஈரத்தோடு மக்கும் கட்டையில்தான் வளரும். பிளக்கும்போது வெள்ளையாக, சுருண்ட, பருத்த புழுக்கள் இருந்தால் பொறுக்கி அழியுங்கள். கோழிகளும் விரும்பித் தின்னும்.

உடனே தோண்ட முடியவில்லை என்றால் தற்காலிகமாக இரண்டு வேலைகள் செய்யலாம். கட்டையின் மக்கிய பகுதியைக் கொத்தி, மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். இது புழுவைத் தாக்கிக் கொல்லும். வண்டைப் பிடிக்க, 1 கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வையுங்கள். வாடைக்கு வந்து விழும் வண்டுகளை எடுத்து அழிக்கலாம்.

பனைத் தூரும் உள்ளே சோறு அழுகினால் இதே வண்டுக்கு இடம் தரும். அதையும் இதே போலப் பாருங்கள்.

நோயால் பட்ட தென்னை என்றால்

மரம் சாவதற்கு முன் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்ததா? அடியில் தட்டுப் போலக் காளான் முளைத்ததா? அப்படியானால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைக் கடற்கரைப் பகுதியில் கடுமையாகத் தெரிய வந்ததால் இந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சாணம் தூரிலும் வேரிலும் தங்கி, மண் வழியாக அடுத்த மரத்தின் வேருக்குப் போகும்.

இந்தக் கட்டையைத் தள்ளிப்போடக் கூடாது. தூரையும் கைக்கு அகப்படும் வேர்களையும் தோண்டி எடுத்து, அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுங்கள். தோப்பு முழுக்க இழுத்துச் செல்லாதீர்கள். பக்கத்து மரத்துக்கும் இந்தக் குழிக்கும் இடையே குறைந்தது 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் வாய்க்கால் போலப் பள்ளம் எடுத்து வேர்த் தொடர்பைத் துண்டியுங்கள். அந்தப் பாத்தியிலிருந்து தண்ணீர் அடுத்த மரத்துக்கு வடியாமல் தனித்தனியாகப் பாய்ச்சுங்கள். சுற்றியுள்ள மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் வாழையை ஊடுபயிராக வைப்பதும் இந்த நோயைக் குறைக்கும். மறு கன்றைப் பழைய குழியிலேயே நடாதீர்கள்.

சுவர் ஓரக் கட்டையைப் பிடுங்காதீர்கள்

வேம்பு, புளி, அரசு போன்ற மரங்களின் பக்கவேர் அஸ்திவாரத்துக்கு அடியிலும் போயிருக்கும். ஜேசிபி தூரை இழுக்கும்போது வேரும் சேர்ந்து இழுபடும். அதன் மேல் இருக்கும் மண்ணும் கல்லும் நகரும். கல், மண் சேர்த்துக் கட்டிய பழைய சுவர்கள் இதைத் தாங்காது. பெரிய குழி எடுத்து மண்ணைச் சரியாக நிரப்பாமல் விட்டால், அடுத்த மழையில் அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கும்.

கரிசல் மண்ணில் இன்னொரு விஷயமும் உண்டு. மரம் நின்றவரை மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மரம் போனபின் மண் ஈரம் ஏறி உப்பும். மரத்தை வெட்டிய பிறகு சுவரில் விரிசல் வந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். புதிய விரிசல் வளர்ந்தால் கட்டிடம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சுவரிலிருந்து 6 முதல் 8 அடிக்குள் கட்டை இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்:

• கட்டையைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, தரைக்கு அரை அடி கீழே அறுக்கச் சொல்லுங்கள்.
• மிஞ்சிய கட்டையின் பட்டையை உரித்துவிடுங்கள்.
• மேலே மண் போட்டு மூடி, மழைத்தண்ணீர் சுவருக்கு எதிர்ப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுங்கள்.
• துளிர் வந்தால் விரல் நீளம் வளரும் முன் கிள்ளுங்கள். இலையே விடாமல் தொடர்ந்து கிள்ளினால் வேரில் சேர்த்து வைத்த சத்து தீர்ந்து கட்டை பட்டுப்போகும். ஒரு பருவம் கிள்ளி ஒரு பருவம் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேர் மக்கும்போது மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து மண் நிரப்புங்கள். பொந்தாக விட்டால் எலியும் அதைத் தேடிப் பாம்பும் வரும். பட்ட கட்டையில் கரையான் ஏறும். அங்கிருந்து கதவு நிலைக்கும் கூரை மரத்துக்கும் மண்கோடு போட்டு வருகிறதா என்று மாதம் ஒருமுறை சுவரடியைப் பாருங்கள். விறகை அந்தச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள்.

துளிர்க்கும் கட்டை வீணல்ல

கட்டை யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் இருந்தால் அதை அழிப்பதுதான் வழி என்று இல்லை. வேம்பு, புங்கன், பூவரசுக் கட்டையில் பல துளிர்கள் வரும். அவற்றில் கீழிருந்து வரும், திடமான ஒன்று அல்லது இரண்டை விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். பழைய வேர் இருப்பதால் புதுக்கன்றைவிட வேகமாக வளர்ந்து நிழல் தரும். சவுண்டல், கிளரிசிடியா கட்டைகளை 3 அடி உயரத்தில் விட்டால் ஆட்டுக்குத் தழை கிடைக்கும். செடிமுருங்கையை ஓர் ஆண்டு காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 3 அடியில் வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும்.

சீமைக்கருவேலுக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். தரைமட்டத்தில் வெட்டினால் புதராகக் கிளைக்கும். மண்ணுக்குள் இருக்கும் வேர்முடிச்சோடு தோண்டி எடுங்கள். தூரும் விறகுக்கும் கரிக்கும் விலை போகும்.

சீக்கிரம் மக்க வைக்க

முருங்கை, இலவம் போன்ற மென்மரங்கள் சீக்கிரம் மக்கும். வேம்பு, புளி போன்ற வன்மரத் தூர் மக்கப் பல ஆண்டுகள் ஆகும். வேகப்படுத்த வேண்டுமானால் பட்ட கட்டையில் துளைக்கும் மெஷினால் நெருக்கமாக ஆழத் துளைகள் போட்டு, சாணக் கரைசல் ஊற்றி, மண்ணால் மூடி ஈரமாக வையுங்கள். ஆனால் பக்கத்தில் தென்னை இருந்தால் சாணமும் மக்கிய மரமும் சேர்ந்த இடம் காண்டாமிருக வண்டுக்கு விருந்து. அங்கே இந்த முறை வேண்டவே வேண்டாம்.

செய்யக் கூடாதவை

• உப்பு, ஆசிட், மண்ணெண்ணெய், டீசல் ஊற்றாதீர்கள். மண் கெடும், மழையில் கிணற்றுக்கும் இறங்கும்.
• வீட்டருகே கட்டைக்குத் தீ வைக்காதீர்கள். மேலே அணைந்தாலும் வேர் வழியாக மண்ணுக்குள் நாள்கணக்கில் கனன்று கொண்டிருக்கும். கூரை, வைக்கோல்போர் உள்ள இடத்தில் இது பெரும் ஆபத்து.
• கட்டையின் மேல் குழிவில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சத் தண்ணீரே போதும்.
• நடைபாதையில் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விடாதீர்கள். இருட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் இடறி விழுவார்கள்.
• சந்தன மரத் தூரைத் தோண்டும் முன் வனத்துறையில் கேளுங்கள். உங்கள் பட்டா நிலமானாலும் இது பொருந்தும். அதன் வேருக்கும் விலை உண்டு.

ஜேசிபி எப்போது சரி?

சுவர், கிணறு, குழாய், கம்பி எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில், அங்கே வீடு கட்டவோ கன்று நடவோ போகிறீர்கள் என்றால் ஜேசிபி சரி. ஒரு கட்டைக்காக வரவழைப்பதைவிட அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் எடுத்தால் செலவு பகிரும். மண் லேசாக ஈரமாக இருக்கும்போது வேர் எளிதாக விடும். சேறான கரிசலில் வண்டி இறங்கினால் சிக்கிக்கொள்ளும். குழியை ஒரே தடவையில் மூடாமல், அடுக்கடுக்காக மண் போட்டுத் தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு நிரப்புங்கள். வீடு கட்டும் இடமென்றால் வேர்த்துண்டுகளைக் குழிக்குள் போடவே கூடாது.

தென்னங்கட்டையானால் இந்தப் பருவமழைக்கு முன்னரே எடுத்துவிடுங்கள். நனைந்து அழுகத் தொடங்கிவிட்டால் வண்டு முந்திக்கொள்ளும். மரம் எதனால் பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், தூரைத் தோண்டும் முன் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ சொல்லி நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.