ஆற்றுத் திருக்கை Vs கௌதாரி: யாருக்கு ஆபத்து அதிகம்?

ஒண்ணு கங்கை மீன், இன்னொண்ணு புதர்க்காட்டுப் பறவை. ஆனா பிழைக்கிற வழி ஒண்ணுதான்: தரையோடு ஒட்டி, மண் நிறத்தில் மறையுறது.

மறைவிடம்: திருக்கை சேற்றில் புதைந்து, கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியா நீரை இழுத்துச் சுவாசிக்கும். கௌதாரி பதுங்கியே இருக்கும். ரொம்ப நெருங்கினாத்தான் பறக்கும்.

ஆயுதம்: திருக்கைக்கு வாலில் நச்சு முள். ஆண் கௌதாரிக்குக் காலில் குத்துமுள்.

இனப்பெருக்கம்: இங்கதான் கணக்கு மாறுது. கௌதாரி ஒரு தடவைக்கு 6 - 8 முட்டை இடும். பொரிச்ச கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் நடக்கும். திருக்கை குட்டி போடும், அதுவும் சிலதான். பிடிபட்டதை ஈடுகட்ட வருஷக்கணக்காகும்.

சட்டம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வேட்டையாடுறது குற்றம். ஆற்றுத் திருக்கை 2001-ல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

சிக்கல் எங்கே? பெஹாலா உட்பட கொல்கத்தாவில் திருக்கைக்குப் பொதுப்பெயர் ‘சங்கர் மாச்’. கடல் திருக்கைகள் பலவற்றை விற்கத் தடையில்லை. தோலுரிச்சுத் துண்டு போட்டபிறகு, அது ஆற்று இனமா கடல் இனமானு கண்ணால் சொல்றது கஷ்டம். கௌதாரியை இறகே காட்டிக்கொடுக்கும். திருக்கைக்கு அந்த அடையாளம் வெட்டுப்பலகையிலேயே போயிடுது.