வாழ வந்தவர்களின் சான்றிதழ்



கொல்லிமலை மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை ஓர் இடப்பெயர்வுக் கதை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் தங்கி, அங்கேயே பெண் கட்டிக் குடியானவர்களாகிவிட்டார்கள் என்று அது போகும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் இந்தக் கதை இருக்கிறது. செம்மேட்டைச் சுற்றிய பகுதிக்கு வாழவந்தி நாடு என்று பெயர். பெயர்க்காரணம் எதுவானாலும், 'வாழ வந்தவர்' என்றுதான் நம் காதில் விழுகிறது. அந்த மூவரும் வெள்ளாளர் என்று கதை சொல்வதையும் நாம் கவனிக்க வேண்டும். மலையேறிய பிறகும் சாதியைக் கீழே விட்டுவர மனமில்லாத கதை அது. தலித் மேடையில் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, இதே மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி. இடம்பெயர்ந்து படிக்க வரும் மாணவரின் உரிமையை, அவர் தந்த விவரங்களின் அந்தரங்கத்தை, உயர்கல்வி நிறுவனம் எப்படிக் காத்தது, எங்கே கைவிட்டது என்பதே கேள்வி.

முதலில் சான்றிதழ். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. நாமக்கல் 1997இல் பிரிந்தாலும் பழைய சேலம் என்பதால் கொல்லிமலைக்காரர் பழங்குடி. ஈரோடு மாவட்டத்து பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கும் மலையாளிக்கு அந்தத் தகுதி இல்லை, அவர் மலை பழைய கோயம்புத்தூருக்குள் இருந்ததால். அதே மொழி, அதே தினையும் கேழ்வரகும், அதே பெயர். கோடு மட்டும் வேறு. பர்கூர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியலில் இருந்துவிட்டால் மட்டும் போதாது. பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பிறகு மெய்த்தன்மை விசாரணை. 1994 செப்டம்பரில் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நடைமுறை வகுத்தது. கல்லூரியில் சேர்ந்த இரு சகோதரிகளின் சான்றிதழ் பற்றிய வழக்கு அது. விசாரணை அதிகாரி குடும்பத்தின் பூர்விக ஊருக்கே போக வேண்டும். கும்பிடும் தெய்வம், திருமணச் சடங்கு, சாவுச் சடங்கு, பிணத்தை அடக்கம் செய்யும் முறை வரை விசாரிக்க வேண்டும். போலிச் சான்றிதழ்கள் உண்மையான பழங்குடியின் இடத்தைத் தின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பெண் தன் பாட்டியை எப்படிப் புதைத்தார்கள் என்று அதிகாரிக்கு விளக்கினால்தான் அவள் பட்டம் செல்லும் என்பது என்ன வகைச் சரிபார்ப்பு? அந்தப் பாட்டி சொன்ன காஞ்சிபுரத்துக் கதையை அவள் உள்ளபடியே சொன்னால், 'அப்படியானால் நீ வெள்ளாளர்தானே' என்று எழுதிவிடவும் வழி இருக்கிறது. உண்மை சொன்னால் தோற்கும் தேர்வு இது.

இடம்பெயர்வும் புதிய பழக்கவழக்கங்களும் பழைய அடையாளங்களை மாற்றிவிடும், எனவே இந்த ஒப்பீட்டையே உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. அதற்கு இடையில், 2022 அக்டோபரில், பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அலைந்த ஒரு தந்தை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்துபோனார்.

மாநில எல்லையைத் தாண்டினால் கதை வேறு. ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்த ஒரு பழங்குடிப் பையன், தந்தையின் வேலை காரணமாக ஒன்பது வயதில் பம்பாய்க்குப் போனான். அங்கேயே படித்து, சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தான். அவன் சமூகம் மராட்டியப் பட்டியலில் இல்லை என்று மறுத்தார்கள். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று சட்டப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். இடம்பெயர்ந்தவர் தன் பட்டியல் உரிமையை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 1990 மே 2இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் அதுவே நிலைத்தது. ஆகவே கொல்லிமலைப் பெண்ணின் சான்றிதழ் மத்திய அரசின் நிறுவனத்தில் செல்லும். கர்நாடக அரசின் மருத்துவக் கல்லூரியில் செல்லாது. உரிமை எல்லையில் நின்றுவிடுகிறது. இழிவு அப்படி நிற்பதில்லை. 1917இல் கொலம்பியாவும் லண்டனும் பார்த்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பிய அம்பேத்கர், தங்க இடமில்லாமல் பார்சிப் பெயரில் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். படித்து வந்தவர் பெயரை மறைத்தால்தான் கூரை கிடைத்தது.

அதே அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது வாதாடிப் பெற்ற உதவித்தொகைதான் பின்னர் நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. அந்தத் தொகையைப் பெறுகிறவர் பட்டியல் இன்று என்ன பாடுபடுகிறது? சமவெளிக் கல்லூரி ஒன்றில், பெயர் இங்கே வேண்டாம், எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைப் பட்டியலைச் சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை நாங்கள் பார்த்தோம். கேட்டதற்கு, 'மாணவர்கள் வசதிக்காக' என்றார்கள். இப்போது பலகை போய் வகுப்பு வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது. மலையிலிருந்து வந்த பெண் தன்னை யாரென்று யாரிடம் எப்போது சொல்லலாம் என்று முடிவெடுக்கும் முன்பே அறுபது கைபேசிகள் சொல்லிவிடுகின்றன.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிகள், வகுப்பில் மாணவரின் சாதியையோ பழங்குடியையோ அறிவிப்பதையும், இடஒதுக்கீட்டுப் பிரிவு என்று முத்திரை குத்துவதையும் பாகுபாடு என்றே வரையறுத்தன. ரோஹித் வெமுலாவின் தாயும் பாயல் தத்வியின் தாயும் அந்த விதிகளை நடைமுறைப்படுத்தக் கோரி 2019இல் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ரோஹித்துக்கு இறந்த பிறகும் விசாரணை முடியவில்லை. அவர் தலித்தே அல்ல என்று 2024இல் தெலங்கானா காவல்துறை முடிவறிக்கை தந்து, எதிர்ப்புக்குப் பின் மறுவிசாரணை என்றது. நுழைவுத் தேர்வு ரேங்க் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கும் தந்திரத்தை பம்பாய் ஐ.ஐ.டி. 2023இல்தான் தன் வழிகாட்டுதலில் தடுத்தது, ஒரு தலித் மாணவரின் சாவுக்குப் பிறகு. நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தை மாணவரிடம் தனியே பேச வேண்டும் என்று 2024 சூனில் பரிந்துரைத்தது. அது பள்ளிகளுக்கு. கல்லூரி அலுவலகங்கள் தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டன போலும்.

நாட்டின் எல்லையைத் தாண்டி வந்தவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். இந்த மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் தலித்துகள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் 1983க்குப் பிறகு அகதிகளாய்த் திரும்பினார்கள். குடியுரிமை இல்லாததால் பட்டியல் உரிமையும் இல்லை. 1991 மே 21க்குப் பிறகு முகாம் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவை மூடினார்கள். திறக்கச் சில ஆண்டுகள் ஆயின. 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது நல்லதே. ஆனால் கல்லூரிப் படிவத்தில் முகவரி எழுதினாலே முகாம் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவர் ஆவணங்களை அவர் ஒப்புதலின்றித் தருவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. குடிவரவு அதிகாரிகள் வாசலில் நிற்கும்போது அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பிடித்துக்கொள்ளும் கம்புகளில் அதுவும் ஒன்று. சில நேரம் கம்பு முறிகிறது. நம்மிடம் கம்பே இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்பு மசோதா சாதியையும் பழங்குடியையும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவாக வகைப்படுத்தியது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் விவரம் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுக்க வழியும் செய்தது.

திருத்தம் எப்படியானாலும் எங்கள் கேள்விகள் எந்தத் தனிநபரையும் பற்றியவை அல்ல. வரும் சேர்க்கைக் காலத்தில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்குத் தகவல் மனு அனுப்பவிருக்கிறோம்: சாதிச் சான்றிதழ் நகல்கள் எந்த அறையில், யார் பொறுப்பில் இருக்கின்றன? உதவித்தொகைப் பட்டியல் எப்படித் தெரிவிக்கப்படுகிறது? 2012 விதிகளின்படி அமைய வேண்டிய சமவாய்ப்புப் பிரிவு இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் கூடியது? மனுக்கள் தயாராக இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் கையெழுத்திடலாம். மாணவர்கள் கையெழுத்திட வேண்டாம், பெற்றோரும் வேண்டாம், நாங்கள் போடுகிறோம்.