துப்பாக்கி என்னும் சொல்லும் குண்டு எட்டும் தொலைவும்: சித்தூர்ப் பாளையப் போர்களை முன்வைத்து

ஒரு மொழியில் பல சொற்களாகப் பிரிந்து நிற்கும் பொருள்கள் மற்றொரு மொழியில் ஒரே சொல்லுள் அடங்குமாயின், மொழிபெயர்ப்பில் வரலாற்றுச் செய்தியே மாறிவிடக்கூடும். 'துப்பாக்கி' அத்தகைய சொல்லாகும். 'துஃபெக்' என்னும் துருக்கிச் சொல்லோடு உறவுடைய இது, தெலுங்கிலும் கன்னடத்திலும் பகரம் இரட்டியாது வழங்குகின்றது; இலங்கைத் தமிழில் 'துவக்கு' என வழங்குகின்றது. ஆங்கில ஆவணங்கள் மேட்ச்லாக், மஸ்கட், ரைபிள் என வேறுபடுத்தும் மூன்றையும் தமிழ் இவ்வொரு சொல்லாலேயே குறிக்கின்றது.

இம்மூன்றும் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே கெட்டித்துச் சுடப்பட்டவையே. எனினும் மேட்ச்லாக் எரியும் திரியாலும், அக்கால மஸ்கட் சக்கிமுக்கிக் கல்லின் பொறியாலும் வெடிப்பன. இவ்விரண்டின் குழல்களும் பெரும்பாலும் உட்புறம் வழவழப்பானவை. ரைபிளின் குழலிலோ சுருள்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்தும். 'ரைபிள்' என்னும் பெயரே வரியிடுதல் என்னும் பொருளினின்று பிறந்தது.

1801இல் கர்நாடக அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. காவல் வரி தண்டும் உரிமையை இழந்த வட ஆர்க்காட்டுப் பாளையக்காரர்கள் 1803 முதல் 1805 வரை கிளர்ந்தெழுந்தனர். சித்தூர், சந்திரகிரிப் பகுதிகள் கலக்கமுற்றன. எதரகுண்டாப் பாளையக்காரர் முன்னின்று போரிட்டார். 1805 பிப்ரவரிக்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இப்பகுதியின் வரலாற்றை ஆங்கில ஆவணங்களிலிருந்து இரு மொழிகளிலும் பெயர்ப்போர் இச்சொற்சிக்கலை எதிர்கொள்கின்றனர்.

பாளையப் படைகளின் சுடுகருவி பெரும்பாலும் திரித் துப்பாக்கியே. கம்பெனிக் காலாட்படையின் பொதுக் கருவி ஏறத்தாழ 19 மி.மீ. குழல் விட்டமுடைய மஸ்கட். அத்தகைய மஸ்கட் 80 கெஜத்தில் ஒருவனைத் தாக்கலாம், 100 கெஜத்திலும் தாக்கக்கூடும், 200 கெஜத்தில் குறிவைப்பது நிலவைச் சுடுவதற்கு ஒப்பாகும் என 1814இல் ஜார்ஜ் ஹேங்கர் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் எழுதினார். 1800ஆம் ஆண்டளவில் ஆங்கிலப் படையிற் புகுந்த பேக்கர் ரைபிளோ ஏறத்தாழ 200 கெஜம் வரை பயன்பட்டது.

ஆயினும் வரிகள் மட்டுமே தொலைவைத் தீர்மானிப்பதில்லை. 8 மி.மீ. விட்டமுடைய ஈயவுருண்டையின் எடை ஏறத்தாழ 3 கிராம், 16 மி.மீ. உருண்டையின் எடை 24 கிராம். விட்டம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும். காற்றை எதிர்க்கும் பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆகவே சிறிய உருண்டை விரைவில் வேகம் இழக்கும். பக்கக்காற்றிலும் எளிதில் விலகும். சிறுவிட்ட முன்வாய் ரைபிள் 50 கெஜத்தில் முயல் போன்ற சிறு விலங்கைத் துல்லியமாக வீழ்த்தும். தொலைவு மிகமிக அதன் பயன் குறையும். 1849இல் வெளிவந்த மினியே குண்டு போன்ற நீள்குண்டுகள் இக்குறையை நீக்கின. விட்டத்தை மிகுக்காமலே எடையை மிகுத்தன.

இதனால் மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க முடிவுகள் இரண்டு. முதலாவது, மேட்ச்லாக்கைத் 'திரித் துப்பாக்கி' என்றும், சக்கிமுக்கி மஸ்கட்டைக் 'கல் துப்பாக்கி' என்றும், ரைபிளை 'வரித் துப்பாக்கி' அல்லது 'ரைபிள்' என்றும் பிரித்தெழுதுதல் வேண்டும். இரண்டாவது, 'பெரும வீச்சு', 'பயனுறு வீச்சு' என்பவற்றையும் வேறுபடுத்துதல் வேண்டும். குண்டு சென்று விழும் எல்லை முன்னது. குறி தப்பாமல் தாக்கும் எல்லை பின்னது. முன்னது பின்னதைவிடப் பன்மடங்கு மிகும். 'துப்பாக்கி எட்டும் தூரம்' என்னும் வழக்கு இவ்விரண்டனுள் எதனைக் குறிக்கின்றது என்பதைச் சூழலே உணர்த்தும்.

பாளைய வீரரின் கருவியை 'ரைபிள்' எனப் பெயர்த்தால், அவர்கள் 200 கெஜத்துக்கு அப்பால் மறைந்திருந்து ஒவ்வொருவராகச் சுட்டனர் என்று வாசகர் எண்ணுவர். திரித் துப்பாக்கி எனப் பெயர்த்தாலோ, காட்டையும் குன்றையும் அரணாகக் கொண்டு, பகைவர் மிக நெருங்கும்வரை காத்திருக்க வேண்டிய அவர்தம் நிலை புலனாகும். அவர்கள் ஏற்ற இடரின் அளவும் அப்பொழுதே விளங்கும்.