மருந்தாகும் பொய்க்கண்ணீர்

துயரமின்றி வடிக்கும் கண்ணீரை நீலிக்கண்ணீர் என்றும் முதலைக்கண்ணீர் என்றும் இகழ்வது நம் வழக்கு. எனினும் இகழ்வதற்கு உரியதல்லாத பொய்க்கண்ணீரும் ஒன்று உண்டு. அது மருந்துக் கடையில் குப்பியில் கிடைக்கும் செயற்கைக் கண்ணீர். கோடையில் வடநாட்டில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசுங்கால் கண் எரிந்து உறுத்துவதை அங்கு வாழும் நம்மவர் நன்கறிவர். ஆண்டு முழுவதும் அவ்வாறு வருந்துவோருக்கென வந்த அம்மருந்தின் வரலாற்றை இங்குக் காண்போம்.

கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. விழியை ஒட்டி வழுவழுப்பான கோழையும், அதன்மேல் நீரும், எல்லாவற்றுக்கும் மேலாக இமைச் சுரப்பிகள் தரும் எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்ததே அது. நீர் குறைந்தாலும், விரைவில் ஆவியானாலும் கண் உலரும். உலர்ந்த கண் சில வேளைகளில் தாரை தாரையாக நீர் சொரிவதும் உண்டு. உறுத்தலால் பெருகும் அந்நீர் விழியில் தங்குவதில்லை.

கண்ணீரை அளக்க ஜெர்மானிய மருத்துவர் ஆட்டோ ஷிர்மர் 1903-இல் எளிய வழி ஒன்று கண்டார். கீழிமையில் வடிதாள் துண்டைச் செருகி, அது எவ்வளவு தூரம் நனைகின்றது என்று பார்ப்பதே அவ்வழி. மருத்துவர்கள் இன்றும் அதனைக் கையாளுகின்றனர்.

சுவீடன் நாட்டு ஹென்ரிக் ஷோகிரன், கண்ணுலர்ச்சியுற்ற 19 பெண்களை ஆராய்ந்து 1933-இல் ஆய்வேடு ஒன்றை வெளியிட்டார். அப்பெண்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண்ணில் தோன்றுவது உடல் முழுவதையும் பற்றிய நோயின் ஒரு கூறே என்பது அவர் துணிபு. அந்த ஏட்டுக்கு உயர்ந்த தரம் கிட்டவில்லை. பல்கலைக்கழக ஆசிரியராகும் வழி அவருக்கு அடைபட்டது. யோன்ஷொப்பிங் என்னும் நகரில் அவர் கண் மருத்துவம் பார்த்து வந்தார். ஏடோ ஜெர்மன் மொழியில் கிடந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் பின்னரே ஆங்கிலம் வழங்கும் நாடுகள் அவரைப் பரவலாக அறிந்தன. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் இதனைச் சற்று அழுத்திச் சொல்வதை நேயர்கள் பொறுத்தருள்க! 1961-இல் சுவீடன் அரசு அவருக்குப் பேராசிரியர் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

இனி மருந்துக்கு வருவோம். உப்புநீரை விட்டால் அது நொடியில் வழிந்துவிடும். அதனைக் கண்ணில் நிறுத்தி வைக்க ஒரு பொருள் வேண்டும். தாவர நாரிலிருந்து ஆக்கப்படும் மெதில் செல்லுலோஸ் இதற்கு உதவியது. கண் மருத்துவத்தில் அதன் பயனை 1945-இல் அமெரிக்கரான கென்னத் சுவான் எடுத்துரைத்தார். மேயர், பாமர் என்னும் இருவர் 1934-இல் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஹையலூரானிக் அமிலமும் 1980-களில் இவ்வரிசையில் சேர்ந்தது. இவை உறுத்தலைத் தணிப்பனவேயன்றி, நோயை வேரறுப்பன அல்ல.

குப்பியில் கிருமி வளராதிருக்கச் சேர்க்கும் சில பொருள்கள், நாள்தோறும் பலமுறை மருந்திடுவோரின் விழியைப் புண்படுத்தலாம் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆதலின் அவை நீங்கிய மருந்து, ஒரு வேளைக்கு மட்டும் போதுமான சிறு குப்பிகளில் வரலாயிற்று. பலமுறை திறந்து மூடும் குப்பியில் அத்தகைய காப்புப் பொருள் இல்லாமலே விற்கப்பட்ட ஒரு செயற்கைக் கண்ணீர், 2023-இல் அமெரிக்காவில் பரவிய கிருமித்தொற்றுடன் தொடர்புபடுத்தப்பட்டது. தொற்றியோர் 81 பேர். அவருள் 14 பேர் பார்வை இழந்தனர், 4 பேர் மாண்டனர். அம்மருந்து சென்னையை அடுத்த ஆலையொன்றில் ஆக்கப்பட்டது. ஆலையைப் பார்வையிட்ட அமெரிக்க அதிகாரிகள், கிருமியணுகாமல் மருந்தை நிரப்பும் முறைகளில் குறைகள் இருந்தமையைக் குறித்துள்ளனர்.